மன நிறைவும் மருந்தின் பயனும்

(படிப்பு வட்டங்களுக்குரிய பாடம்)

தணிக்கைக்காகச் சென்றிருந்த ஊரொன்றில், நெசவாள அங்கத்தினர் ஒருவர் தம் ஹோமியோபதி வைத்தியரை மனமாரப் புகழ்ந்தார். "நான் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்கிறார், ஐயா, உடம்பே இலேசாகிவிட்டது" என்றார். அவருடைய திருப்தி மெய்யானதே. ஆயினும் அவர் நீரிழிவு உடையவர். முன்பு உண்டுவந்த மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிட்டார். காலில் ஆறாத புண்ணுடன் தறிக்குழியில் இறங்க இயலாதிருந்தார். நோயாளியின் மன நிறைவு எதற்குச் சாட்சியாகும் என்னும் கேள்வி அன்று நம்முள் எழுந்தது.

ஹோமியோபதி, ஜெர்மனியில் 1755-ல் பிறந்த ஹானிமன் என்னும் வைத்தியர் வகுத்த முறையாகும். மருந்தை மேன்மேலும் நீர்த்துப்போகச் செய்வது அதன் இயல்பு. '30 சி' என்பது, நூற்றில் ஒரு பங்காகக் கரைப்பதை முப்பது தடவை செய்வதாம். அதன்பின் மூலப்பொருளின் அணு ஒன்றேனும் எஞ்சுதல் அரிது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஹோமியோபதி மருத்துவமனையில், ஆறாண்டுகளில் மீண்டும் சிகிச்சைக்கு வந்த 6,544 நோயாளரின் நிலை குறிக்கப்பெற்று, 2005-ல் வெளியாயிற்று. நூற்றுக்கு 70.7 பேர் நலம் கண்டதாகக் கூறினர். இவ்வெண் பெரிதே, ஆயின் அது எதைக் காட்டுகிறது என்பதே வினா.

மகாசபையில் அங்கத்தினர் அனைவரும் கை தட்டினர் என்பதற்காக, நூல் இருப்பை எண்ணிப் பாராமல் தணிக்கையாளர் கையொப்பமிடலாமோ? கைதட்டல் ஒரு கணக்கு. இருப்பு மற்றொரு கணக்கு. பிரிஸ்டல் கணக்கில், ஒரே முறை வந்து திரும்பாதவர் சேர்க்கப்படவில்லை. மருந்து பெறாத மற்றொரு கூட்டத்தாருடன் ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. நோய் மிகுந்திருக்கும் காலத்திலேயே மக்கள் வைத்தியரை நாடுகின்றனர். பல நோய்கள் பின்னர்த் தாமே தணிகின்றன. கனிவுடன் நடத்தியவரிடம் குறை கூற நா எழுவதுமில்லை.

இவ்விரு கணக்குகளையும் பிரித்துப் பார்த்த ஆராய்ச்சியொன்று இங்கிலாந்திலேயே நடைபெற்று, 2011-ல் வெளியாயிற்று. முடக்குவாதத்தால் வருந்திய 83 பேர், வழக்கமான மருந்துகளை விடாமல், இதில் கலந்துகொண்டனர். சிலருக்கு ஹோமியோபதி வைத்தியரின் விரிவான விசாரணையும் மருந்தும் கிடைத்தன. சிலருக்கு விசாரணையுடன் வெற்று மாத்திரை. ஏனையோருக்கு விசாரணையின்றி மருந்தோ வெற்று மாத்திரையோ தரப்பட்டது. இருபத்து நான்கு வாரங்களுக்குப்பின் பார்த்தபோது, மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வேற்றுமை காணப்படவில்லை. விசாரணை பெற்றவர்க்கோ வலியும் மூட்டு வீக்கமும் குறைந்திருந்தன. நோயாளர் தொகை சிறிது. முதன்மையாக வைத்த அளவுகோல்களில் விசாரணையாலும் வேற்றுமை தோன்றவில்லை என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. எனினும் நலம் எங்கிருந்து வரக்கூடும் என்பதற்கு இது நல்ல குறிப்பாகும். ஆஸ்திரேலிய தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் பல ஆய்வுகளைப் பரிசீலித்து, ஹோமியோபதி பயன் தருமென நம்பத்தகுந்த சான்றுள்ள நோய் எதுவுமில்லை என 2015-ல் முடிவு கூறிற்று.

ஆகவே நாம் கொள்ள வேண்டிய பாடம் இரண்டு. முதலாவது, பொறுமையாகக் கேட்டலும் ஆறுதல் மொழியும் அற்பமானவை அல்ல. நாட்பட்ட நோயுடையவரின் வாழ்வு அவற்றால் இலகுவாகிறது. எவ்வகை மருத்துவமனையிலும் அவற்றைக் கேட்டுப் பெறுதல் நம் உரிமை. இரண்டாவது, நீரிழிவு, காசநோய், இரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்குரிய மருந்தை, மனம் நிறைந்தது என்பதற்காக நிறுத்தலாகாது. இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவு நம் திருப்தியைக் கேட்டு இறங்குவதன்று. அதைச் சோதித்தே அறிய வேண்டும்.

முற்கூறிய அங்கத்தினர் மீண்டும் மாத்திரை உண்ணத் தொடங்கினார். தம் பழைய வைத்தியரையும் அவ்வப்போது கண்டு பேசிவருகிறார். அதில் நமக்கு ஆட்சேபமில்லை.

விவாதத்திற்குரிய வினாக்கள்:

1. மருந்து உண்டபின் நோய் தணிந்தால், மருந்தே காரணமென்று கொள்ள இன்னும் எவற்றை அறிதல் வேண்டும்?

2. நம் சங்கத்தில் அங்கத்தினரின் திருப்தியும் கணக்கின் உண்மையும் மாறுபட்ட சந்தர்ப்பம் உண்டா?

3. நம் ஊர் மருத்துவமனையில் நோயாளி தம் குறையை முழுதும் சொல்ல நேரம் கிடைக்கிறதா? இல்லையெனில் சங்கம் செய்யத்தக்கது யாது?