ஐ.டி.ஐ. முடித்த மகனுக்கு என்ன வழி?



சித்திரை மாதத்தில் மின் அழுத்தம் குறைந்தாலோ, ஒரு பேஸ் போய் மீதி இரண்டில் மோட்டார் ஓடினாலோ காயில் கருகிவிடும். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே எடுத்துக் காயில் கட்டி மறுபடி இறக்கும் வரை வாழையும் பூச்செடியும் வாடி நிற்கும். அந்த வேலையைப் பொறுப்பாகச் செய்யும் ஆளுக்காகத் திருவரங்குளம், ஆலங்குடி பக்கத்தில் நீங்கள் காத்திருந்த அனுபவம் இருக்கும். அந்த ஆள் ஏன் உங்கள் மகனாகவோ மகளாகவோ இருக்கக் கூடாது?

புதுக்கோட்டையில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. எலக்ட்ரீசியன், பிட்டர் போன்ற பிரிவுகள் இரண்டாண்டுப் படிப்பு. வெல்டர், டிராக்டர் மெக்கானிக் ஓராண்டு. வெல்டர், வயர்மேன் பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேறியவரும் சேரலாம். அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது; மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. எந்தப் பிரிவிலும் சேருமுன் அதற்கு உரிய அங்கீகாரம் உள்ளதா என்று கேட்டறிதல் அவசியம்.

படிப்பு முடிந்தபின் என்ன ஆகிறது என்பதுதான் பெற்றோரின் கவலை. முதலில் பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சாலைகள் பழகுநர்களைச் சேர்த்து மாத உதவித்தொகை தருகின்றன. நமக்கு அருகில் திருச்சி பெல் ஆலையும் பொன்மலை ரயில்வே பணிமனையும் உள்ளன. ஆனால் பழகுநர் காலம் முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் ஆலைக்கு இல்லை. இதைத் தெரியாமல் நம்பியிருந்து, பின்னர் மனம் உடைந்து வீடு திரும்பிய பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். பழகுநர் சான்றிதழ் வேறு வேலைக்கு விண்ணப்பிக்க உதவும். அந்த அளவில் அதை மதித்தால் போதும்.

மேலே படிக்க விரும்பினால் வழி அடைபடவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றும் பெறலாம்.

ஊரிலேயே தொழில் தொடங்க நினைப்பவர் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். மோட்டார் வேலை கோடையில் குவியும், ஐப்பசி மழையில் ஓய்ந்துவிடும். கூலியும் பல நேரம் அறுவடைக்குப் பிறகுதான் கைக்கு வரும். ஆகவே காயில் கட்டுவதோடு சொட்டுநீர்க் குழாய் பழுது, பவர் டில்லர் பழுது, வீட்டு வயரிங் ஆகியவற்றையும் கற்றுக்கொண்டவரே ஆண்டு முழுவதும் வருமானம் பார்ப்பார். வயரிங் வேலைக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாள் தகுதிச் சான்று தேவை. அதைப் பெறாமலே வேலை செய்து, விபத்து நேர்ந்தபின் வருந்துவோர் உண்டு.

வெளிநாடு செல்லும் ஆசை நம் மாவட்டத்தில் அதிகம். பத்தாம் வகுப்புத் தேறியவருக்குக் குடியேற்ற அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைக்கும். பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே சேவைக் கட்டணமாக வாங்கலாம். அதற்கு மேல் கேட்பவரிடம் நிலத்தை ஈடு வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்த்துக் கொள்ளுங்கள், ரசீதும் பெறுங்கள்.

சேர்க்கைக்குச் செல்லும்போது மதிப்பெண் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.