சந்தாபுராவில் அளவான உணவுமுறை: எடையை மெல்லக் குறைப்பதற்கான வழிகாட்டி

எடையைக் குறைக்க எந்த உணவுமுறை சிறந்தது என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 160 பேரை நான்கு பிரிவுகளாக்கி, பிரிவுக்கொன்றாக நான்கு புகழ்பெற்ற உணவுமுறைகளை ஓராண்டு பின்பற்றச் செய்து 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று தெளிவான விடை தந்தது. நான்கு முறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எந்த முறையானாலும் அதை விடாமல் கடைப்பிடித்தவர்களுக்கே எடை கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆகவே பெங்களூருவை அடுத்த சந்தாபுராவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், எந்த உணவை ஒதுக்குவது என்று ஆராய்வதற்கு முன்பாக, ஷிப்டு வேலை, கம்பெனி கேன்டீன், ஓசூர் சாலை நெரிசல், தெருமுனைத் தர்ஷினி (நின்றபடியே சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) ஆகிய அனைத்துக்கும் நடுவில் அடுத்த ஆண்டும் தொடரக்கூடிய ஒரு சாப்பாட்டு ஒழுங்கு எது என்று ஆராய்வதே பயன்தரும்.

எடைக் குறைப்பு யாருக்குத் தேவை என்பதை உடல் நிறை எண்ணைக் கொண்டு முதற்கட்டமாக அறியலாம். கிலோவிலுள்ள எடையை, மீட்டரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். 70 கிலோ எடையும் 1.65 மீட்டர் உயரமும் உள்ளவருக்கு இது ஏறத்தாழ 25.7 ஆகும். ஒரே எடையிலும் இந்தியர் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருப்பதால், நம்மவர்க்கு 23ஐத் தாண்டினாலே மிகை எடை என்று மருத்துவர்கள் கொள்கின்றனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது. இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் உணவின் அளவை மாற்றவே கூடாது.

அடுத்தது இலக்கு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதைப் பாதுகாப்பானது என்கின்றன. நாள் உணவு 1000 கிலோகலோரிக்குக் கீழே போகக்கூடாது என்றும் எச்சரிக்கின்றன. (கிலோகலோரி என்பது உணவு தரும் ஆற்றலை அளக்கும் அலகு.) பட்டினி கிடந்து விரைவாக இளைப்பவருக்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது, பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. மெல்லக் குறைவதன் கணக்கை அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2011இல் எளிதாக்கித் தந்துள்ளனர்: நாள்தோறும் உண்பதில் 24 கிலோகலோரியை நிலையாகக் குறைத்தால் காலப்போக்கில் ஒரு கிலோ எடை குறையும்; அதில் பாதி முதலாண்டிலும், பெரும்பகுதி மூன்றாண்டுகளுக்குள்ளும் நிகழும். உடல் இளைக்க இளைக்க அதன் ஆற்றல் தேவையும் குறைவதால்தான் வேகம் இவ்வாறு தணிகிறது. இந்தக் கணக்கை மனத்தில் இருத்தியவர் மூன்றாம் மாதத்தில் சோர்ந்துபோய் கைவிடமாட்டார்.

முதற்படியாக, ஒரு வாரம் எதையும் மாற்றாமல், வீட்டில் உணவுப்பொருள் எவ்வளவு செலவாகிறது என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். குக்கரில் எத்தனை டம்ளர் அரிசி போடப்படுகிறது, அந்த டம்ளர் எத்தனை கிராம் கொள்ளும், ஒவ்வொரு டீக்கும் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, மாலையில் பஜ்ஜியா பிஸ்கட்டா, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பனவே குறிக்கப்பட வேண்டியவை. தட்டில் விழுந்த சோற்றைக் கண்ணால் அளப்பவர் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார். அரிசியாக இருக்கும்போது அளப்பதில் அந்தப் பிழை நேர்வதில்லை.

இரண்டாம் படி அரிசியைப் பற்றியது. ஒருவர் மதியமும் இரவும் 150 கிராம் வீதம் நாளுக்கு 300 கிராம் அரிசியைச் சோறாக்கி உண்பதாகக் கொண்டால், அதில் கால்பங்கைக் குறைப்பது சுமார் 260 கிலோகலோரியைக் குறைப்பதாகும். மேற்கண்ட கணக்கின்படி, வேறு எதுவும் கூடாதிருந்தால், முதலாண்டில் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல் குறைய இது ஒன்றே போதும். இதற்குச் சோற்றை விலக்க வேண்டியதில்லை. குக்கருக்குள் போகும்போதே அளவைக் குறைத்துவிட்டால், மீந்த சோறு வீணாகிறதே என்று இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும் பழக்கம் தானாகவே நின்றுவிடும். அரிசிக்குப் பதில் ராகி சேர்த்தால் எடை குறையும் என்ற நம்பிக்கை இந்த வட்டாரத்தில் பரவலாக உண்டு. 100 கிராம் ராகியில் நார்ச்சத்து சுமார் 11 கிராமும் சுண்ணாம்புச்சத்து சுமார் 364 மில்லிகிராமும் இருப்பதால் அது தீட்டிய அரிசியைவிட உயர்ந்த தானியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் ஆற்றல் 320 கிலோகலோரி, அரிசியினுடையதோ 350ஐ ஒட்டியது. எனவே களியானாலும் முத்தேயானாலும் ஒரே உருண்டையோடு நிறுத்தும்போதுதான் பலன் கிடைக்கும். முத்தே சாப்பிட்டபின் கொஞ்சம் சோறும் போட்டுக்கொள்வது இங்குள்ள வழக்கம் என்பதால், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறைத்த இடத்தை நிரப்பாவிட்டால் பசி வெல்லும். தட்டில் பாதியளவு காய்கறியும் கீரையும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நூக்கோல், சௌசௌ, பீர்க்கை, சுரை, வெந்தயக்கீரை ஆகியவை சந்தாபுரா கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. பனிக்காலத்தில் வரும் பச்சை மொச்சையை ஊறவைத்துத் தோல் நீக்கிச் செய்யும் பிதுக்குப் பருப்புக் குழம்பு, கர்நாடகத்துக்கும் ஓசூர்ப் பக்கத்துக்கும் பொதுவான சொத்து. தேங்காயை அளவாக அரைத்துச் செய்தால் புரதமும் நார்ச்சத்தும் ஒருசேரத் தரும் இப்படிப்பட்ட குழம்பு வேறு அரிது. புரதம் தசையைக் காப்பதோடு பசியையும் தாமதப்படுத்துவதால், ஒவ்வொரு வேளையிலும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் இவற்றுள் ஒன்றாவது இடம்பெற வேண்டும்.

மூன்றாம் படியான எண்ணெய், அரிசியைவிடக் கண்ணுக்குத் தெரியாமல் எடையை ஏற்றுவது. ஒரு கிராம் எண்ணெய் 9 கிலோகலோரி தருகிறது. ஒரு மேசைக்கரண்டியில் 120 கிலோகலோரிக்கு மேல் அடங்கியிருக்கிறது. வாணலியில் ஊற்றும்போது அளக்கச் சொன்னால் எந்த வீட்டிலும் அது பத்து நாள்கூட நீடிக்காது. வாங்கும்போது அளப்பதே நடைமுறைக்கு ஏற்றது. 2000 கிலோகலோரி உணவுக்கு 27 கிராம் எண்ணெய் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. எடை குறைக்க விரும்பும் நால்வர் கொண்ட குடும்பம் ஆளுக்கு 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 2400 கிராம் ஆகிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டில் சுமார் 910 கிராம் எண்ணெய் இருப்பதால், மாதத்துக்கு இரண்டரைப் பாக்கெட்டுக்குச் சற்று மேல் போதும், நெய்யும் வெண்ணெயும் இதற்குள் அடங்க வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன்மேலேயே பேனாவால் எழுதிவைத்தால், பதினோரு நாளைக்கு வரவேண்டியது எட்டே நாளில் தீர்ந்துபோவது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

டீ, காபி விஷயத்தில் பெங்களூருவே ஒரு நல்ல வழியைப் பழக்கிவைத்திருக்கிறது. ஒரு காபியை இருவர் பகிர்ந்துகொள்ளும் ‘பை டூ’ வழக்கம், நண்பரின் துணையையும் காபியின் சுவையையும் இழக்காமல் சர்க்கரையைப் பாதியாக்குகிறது. நாளொன்றுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரையும் 160 கிலோகலோரியும் சேர்கின்றன. வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துவந்தால் நாக்கு அதை எதிர்ப்பதில்லை. தர்ஷினியில் ரவை உப்புமாவும் கேசரியும் சேர்ந்த சௌ சௌ பாத்துக்கும் பூரிக்கும் பதிலாக இட்லி, சாம்பார் என்று ஒரே தேர்வை நிலையாக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் பசியோடு உணவுப் பட்டியல் பலகையைப் பார்த்து முடிவெடுப்பவர் பெரும்பாலும் எண்ணெயையே தேர்ந்தெடுக்கிறார்.

பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி ஆலைகளிலும் எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களிலும் இரவு ஷிப்டு பார்ப்பவர்களுக்குக் கடிகாரத்தின்படி சாப்பிடச் சொல்வது பொருந்தாது. அவர்கள் உணவின் நேரத்தை உறக்கத்தோடு கட்டிவைக்க வேண்டும்: எழுந்ததும் முதல் உணவு, வேலைக்குக் கிளம்புமுன் முழுச் சாப்பாடு, நள்ளிரவில் வீட்டிலிருந்து கொண்டுசென்ற சுண்டலும் மோரும் அல்லது ஒரு கொய்யாப்பழம், காலையில் வீடு திரும்பியதும் இரண்டு இட்லி அளவு, பிறகு உறக்கம். ஷிப்டு மாறும் வாரத்திலும் இந்த வரிசை மாறாமலிருந்தால் அதிகாலை மூன்று மணியின் பன்னும் டீயும் பிடியைத் தளர்த்திவிடும்.

ஞாயிற்றுக்கிழமை தனிக் கவனம் கோருகிறது. குறைத்த எடையைக் காத்துக்கொண்டவர்களை 1994 முதல் பதிவுசெய்துவரும் அமெரிக்கப் பதிவேடு ஒன்று, வாரநாள்களிலும் விடுமுறையிலும் ஒரேபோல் உண்பவர்கள் எடையை நன்கு காக்கிறார்கள் என்று காட்டியுள்ளது. தொன்னை பிரியாணி வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அது மதிய வேளைக்குள் முடிந்து, இரவு வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். யுகாதி ஒப்பட்டுக்கும் பொங்கலன்று வைக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் இதே நெறிதான். மிகுதியாகச் சாப்பிட்ட மறுநாள் பட்டினி கிடப்பது அடுத்த மிகுதிக்கே வழி திறப்பதால், அடுத்த வேளையை வழக்கம்போல் உண்பதே சரியான பரிகாரம்.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல் ஆகியவற்றால் ஒரு கிலோ ஏறி இறங்குவது இயல்பு என்பதால், நான்கு வாரச் சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும். தராசு அசையாத மாதங்களும் வரும். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவை நெருங்கிய நிலையிலிருந்தவர்கள் உணவையும் நடையையும் சீர்செய்துகொண்டபோது, எடையில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லாமலேயே நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. எனவே இரண்டு மாதம் எடை நின்றுபோனால் சோற்றை மேலும் வெட்டுவதற்கு முன்பாக, மறுபடி ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பார்த்து, டம்ளரின் விளிம்புக்கு மேல் அரிசி குவிகிறதா, எண்ணெய்ப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று சரிபார்த்து, மாலையில் அரைமணி நேர நடையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதன்பிறகும் மாற்றமில்லையெனில் தைராய்டு பரிசோதனைக்காக மருத்துவரை அணுகலாம்.