கை ஆடுது... காது கேட்குதா?

"கேம் ஆடினா இங்கிலீஷ் தானா வரும்மா! மூளையும் ஷார்ப் ஆகுமாம்!" - செல்போனை விட்டு நகராத பிள்ளைகள் சொல்லும் நியாயம் இது. "எல்லாம் சாக்கு!" என்பார் அப்பா. இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் வீட்டில் சண்டை குறையும், பிள்ளைக்கும் பிரயோஜனம்.

ஆடியவரா, பார்த்தவரா?

ஜப்பானில் கல்லூரி மாணவர்கள் 80 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அது 2010-ல் வெளியானது. மாணவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒருவரை 20 நிமிஷம் ஆங்கில கேம் ஆடச் சொன்னார்கள். 'பராப்பா தி ராப்பர் 2' என்ற பாட்டு கேம் அது. தாளத்துக்கு ஏற்ப பட்டனை அழுத்த வேண்டும். ஜோடியில் இன்னொருவருக்கு வேலையே இல்லை. அதே ஆட்டத்தை வேறொரு திரையில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும், கேமில் வந்த ஆங்கில வார்த்தைகளை இருவரிடமும் கேட்டார்கள். யார் அதிகம் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? பார்த்தவர்தான்!

காரணம் சுலபம். அந்த நிமிஷத்துக்கு வேண்டியதை மூளை பிடித்து வைத்துக்கொள்ளும் இடம் ரொம்பச் சின்னது. நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டும்போது பின்னால் இருப்பவர் மளிகை லிஸ்ட் சொன்னால் மனசில் நிற்குமா? அப்படித்தான் இதுவும். பட்டனுக்கும் தாளத்துக்குமே கவனம் சரியாகப் போய்விட்டால் வார்த்தைக்கு மிச்சம் ஏது? அது மட்டுமல்ல, இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது இரு தரப்பும் நிறைய வார்த்தைகளை மறந்திருந்தார்கள்.

அப்படியானால் கேம் வீணா?

இல்லை. பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு வசதி கேமில் உண்டு. 'கதவைத் திற' என்ற வார்த்தை வரும்போது கண் முன்னால் கதவு இருக்கும், திறந்தால்தான் அடுத்த கட்டம். பொருளும் செயலும் சேர்ந்தே மனசில் பதியும். தப்பு செய்தால் திட்டவும் ஆள் இல்லை.

ஸ்வீடனில் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. அதிக நேரம் கேம் ஆடும் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லறிவில் முந்தியிருந்தார்கள். ஆனால் ஆடியதால் ஆங்கிலம் வந்ததா, ஆங்கிலம் தெரிந்ததால் ஆட்டத்தில் இறங்கினார்களா என்பதை இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

எப்படி ஆடினால் மொழி வரும்?

1. நமக்காகக் காத்திருக்கும் கேமாக எடுங்கள். கதை கேம், ஊர் கட்டும் கேம், துப்பறியும் கேம் நல்லது. ஓட்டமும் சூடும் வார்த்தைக்கு ஆகாது.

2. ஒருவர் ஆடட்டும், ஒருவர் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் இருக்கட்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இடம் மாறுங்கள்.

3. புது வார்த்தை வந்தால் ஆட்டத்தை நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லி எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து போதும்.

4. மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை நோட்டைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். மறதிக்கு இதுதான் மருந்து.

5. அதே வார்த்தையை வைத்து வீட்டு விஷயம் ஒன்றைப் பேசச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம்: கம்ப்யூட்டரில் ஆடும் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. மாற்றிப் பாருங்கள்!

மூளை மாறுமா?

கொஞ்சம் மாறும். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் க்ரீன், டாஃப்னி பவெலியர் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், கேம் ஆடிப் பழக்கமில்லாதவர்களைத் தினம் ஒரு மணி நேரம் வீதம் 10 நாள் ஆட வைத்தார்கள். வேகமான போர் கேம் ஆடியவர்களுக்குப் பார்வைக் கவனம் கூடியது. டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை.

கவனித்தீர்களா? கவனத்துக்கு உதவியது வேகமான கேம். மொழிக்கு வேண்டியதோ நிதானமான கேம். எல்லாவற்றையும் கொடுக்கும் ஒரே கேம் கிடையாது.

"புத்தியே கூர்மையாகும்" என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பிரிட்டனில் 11,430 பேர் ஆறு வாரம் மூளைப் பயிற்சி விளையாட்டுகளை ஆடிய ஆய்வு 2010-ல் வந்தது. பழகிய விளையாட்டில் எல்லாரும் தேறினார்கள். பழகாத வேலைகளுக்கு அந்தத் தேர்ச்சி கைகொடுக்கவில்லை. எதைப் பழகுகிறோமோ, பெரும்பாலும் அதுதான் கூடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' சேர்ந்து, அந்தப் பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அறிகுறிகள் மூன்று: நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட கேமே பெரிதாகிப் போவது, படிப்பு, உறவு, உடல்நலம் கெட்டும் ஆட்டம் தொடர்வது. பொதுவாக ஒரு வருஷமாவது இப்படி நீடித்தால்தான் அந்தப் பெயர். ஆனால் தூக்கமோ சாப்பாடோ கெடுகிறது என்றால் அதுவரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திரையை அணைத்துவிடுங்கள். வெயிலில் ஓடி ஆடும் விளையாட்டுக்கு இது மாற்று இல்லை.

மொழி கற்கும் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் தாராளம். அந்த அரை மணி நேரம் போனைப் பிடுங்காமல் நோட்டோடு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஆடுகிறவரைவிடப் பார்க்கிறவருக்குத்தான் வார்த்தை அதிகம் நிற்கிறது என்றோமே, இங்கிலீஷ் உங்களுக்கும் வரும்!