இரவல் கொடுக்கும் முன், இரவல் வாங்கிய பின்

புதுக்கடைப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் அக்கம்பக்கத்து நாலு வீட்டு அடுக்களையும் பாதி காலியாகும். உருளி ஒரு வீட்டிலிருந்து வரும், அண்டா இன்னொரு வீட்டிலிருந்து வரும். மார்த்தாண்டத்துக்குப் போய்ப் பூ வாங்கிவர பைக் மூன்றாவது வீட்டுக்காரருடையது. வாடகைப் பாத்திரக் கடைகள் எத்தனை வந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. போகவும் வேண்டாம். வருஷத்தில் இரண்டு தடவை ஏறுகிற ஏணியை வீட்டுக்கொன்று வாங்கிச் சாத்தி வைப்பதில் என்ன லாபம்?

வில்லங்கம் பொருள் திரும்பி வரும்போதுதான். உருளியில் கீறல், அண்டாவில் ஒடுக்கு, மம்பட்டி வந்திருக்கும், கணை வந்திருக்காது. கேட்டால் அவர்கள் முகம் கறுக்கும், கேட்காவிட்டால் நம் மனசு கறுக்கும். 'கொடுத்ததைக் கேட்டால் அடுத்தது பகை' என்று பழமொழியே இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுச் சண்டைகளைக் கிளறிப் பார்த்தால், பொருள் உடைந்ததைப் பொறுத்துக்கொண்டவர்கள்கூட, உடைந்ததைச் சொல்லாமல் திண்ணையில் வைத்துவிட்டுப் போனதைப் பொறுத்திருக்க மாட்டார்கள். கொடுக்கும்போது நாலு வார்த்தை, திருப்பும்போது நாலு வார்த்தை: கீழே வரும் பட்டியலின் சாரம் அவ்வளவுதான்.

கொடுப்பவர் செய்ய வேண்டியவை

1. குறையை முதலில் சொல்லுங்கள். குக்கர் கைப்பிடி ஆடுகிறதா, ஏணியில் ஒரு படி இளகியிருக்கிறதா, பைக்கின் பின் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லையா, எதுவானாலும் பொருள் கைமாறும் முன் சொல்லிவிட வேண்டும். "மைனி, இந்த அண்டாவுல ஈயம் போயிட்டு, புளி சேர்த்து எதுவும் வைக்காதீங்க" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். ஈயம் போன பித்தளையில் புளியும் மோரும் பட்டால் களிம்பு ஏறும், பந்தியில் உட்கார்ந்தவர்கள் வயிற்றைப் பிடிப்பார்கள். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 150-ஆவது பிரிவின்படி, தனக்குத் தெரிந்த குறையை மறைத்துப் பொருளைக் கொடுத்தவர், அதனால் வாங்கியவருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பாளி. சட்டப் புத்தகம் அதற்குக் காட்டும் உதாரணம் ஒரு முரட்டுக் குதிரை. அதன் குணத்தைச் சொல்லாமல் இரவல் கொடுத்தவர், விழுந்து அடிபட்டவருக்கு ஈடு கட்ட வேண்டும். இன்று குதிரையின் இடத்தில் பிரேக் பிடிக்காத பைக்.

2. எண்ணிக் கொடுங்கள். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பெரிய பொருள் தொலைவதில்லை. புட்டுக்குழலுக்குள் இருக்கும் சில்லு, குக்கரின் வெயிட், டிரில்லிங் மெஷினின் பிட், பம்பு செட்டின் ஹோஸ் கிளிப், இவைதான் தொலையும். இவை இல்லாவிட்டால் பெரிய பொருளும் மூலையில்தான் கிடக்கும். "குழல், மூடி, சில்லு, மூணும் இருக்கு" என்று காட்டிக் கொடுங்கள்.

3. பெயர் வெட்டி வையுங்கள். பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருகிற வழக்கம் சும்மா வந்ததில்லை. பத்து வீட்டுக் கரண்டி ஒரே அடுப்படியில் கலந்து கிடக்கும்போது, எது யாருடையது என்று காட்டுவது அந்த இரண்டு எழுத்துதான். மம்பட்டிக் கணையிலும் ஏணிக் காலிலும் ஒரு பட்டை பெயிண்ட் அடித்தால் போதும்.

4. எதற்கு, எப்போது வரை என்று கேளுங்கள். மம்பட்டி மரச்சீனி விளைக்கு மண் கூட்டவா, கான்கிரீட் கலக்கவா? சிமெண்ட் இறுகிய மம்பட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பாடு. "சாயங்காலம் எனக்கும் வேலை இருக்கு" என்று முதலிலேயே சொன்னால் பிறகு நினைவூட்டும் சங்கடம் இல்லை.

5. விலை கூடிய பொருளைப் படம் எடுத்து வையுங்கள். கேமரா, லேப்டாப், பைக் எல்லாவற்றையும் வாங்குபவர் கண்முன்னே எடுத்து, அவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ரகசியமாக எடுத்தால்தான் சந்தேகம்போலத் தெரியும். நகை என்றால் எடையும் வேண்டும். பவுனுக்கு 8 கிராம் என்று வாய்க்கணக்குப் போதாது. கல் வைத்த நகையில் கல்லையும் எண்ண வேண்டும். கொக்கி சரியாக விழுகிறதா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொடுப்பவர் செய்யக்கூடாதவை

1. லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 180-ஆவது பிரிவின்படி இதற்கு உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டியவர் 18 வயது ஆகாதவர் என்றால் 2019-இல் சேர்த்த 199ஏ பிரிவு வரும்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. 'மகனோட கூட்டுக்காரன்தானே, கடை வரைக்கும்தானே' என்ற தாட்சண்யத்துக்கு இது பெரிய விலை. களியக்காவிளை தாண்டப் போகிறவரிடம் ஹெல்மெட்டையும் சேர்த்துக் கொடுங்கள். 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் கேமரா பார்த்து அபராதம் போடுகிறார்கள். ஓட்டியவர் யாரானாலும் அந்தச் சீட்டு ஆர்சி புத்தகத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும்.

2. இன்சூரன்ஸ் முடிந்த வண்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள். விபத்தில் மூன்றாம் நபருக்கு அடிபட்டால் இழப்பீடு உரிமையாளர் தலையில் விழும்.

3. போனால் தாங்க முடியாததைக் கொடுக்காதீர்கள். அம்மை வழியில் வந்த வெண்கல உருளி அந்த வகை. அலுமினியம் கீழே விழுந்தால் ஒடுங்கும், ஒடுக்கெடுத்துவிடலாம். வெண்கலம் விழுந்தால் கீறும், கீறினால் கீறியதுதான். "அது அம்மையோடது, வெளியே கொடுக்கதில்ல" என்று நேராகச் சொல்லிவிடலாம். 'காணல, தேடிப் பார்க்கணும்' என்று பொய் சொன்னால், அடுத்த வாரம் உங்கள் வீட்டில் அதே உருளியில் பாயசம் கொதிக்கும்போது அவர்கள் வந்து நிற்பார்கள்.

4. பிழைப்புக்கான கருவியைக் கொடுக்காதீர்கள். ரப்பர் வெட்டுகிறவரின் கத்தி அவர் கைக்குத் தீட்டியது. முனை மழுங்கினால் பட்டையில் ஆழமாக இறங்கி மரத்தையே காயப்படுத்தும். தையல்காரரின் கத்தரிக்கோலும் அப்படித்தான். ஒரே ஒரு தடவை காகிதம் வெட்டினாலும் அதன் பதம் போகும்.

5. கொடுத்ததைச் சொல்லிக்காட்டாதீர்கள். சந்தையில் நாலு பேர் முன்னால் "எங்க ஏணி இன்னும் உங்க வீட்லதானே?" என்று கேட்பது ஏணியைக் கொண்டுவரும், ஆளை அனுப்பிவிடும்.

வாங்குபவர் செய்ய வேண்டியவை

1. வாங்கும்போதே பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறலை அவர் முன்னாலேயே தொட்டுக் காட்டிவிடுங்கள். இதில் கூச்சம் வேண்டாம், இரண்டு பேருக்கும் இதுதான் காப்பு.

2. உங்கள் பொருள் என்றால் எப்படிப் பார்த்துக்கொள்வீர்களோ அப்படி. ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு கேட்பதும் இதுதான்: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளுக்குக் காட்டும் கவனம். அந்தக் கவனத்தோடு இருந்தும் சேதமானால் வாங்கியவர் பொறுப்பல்ல என்கிறது 152. நீதிமன்றத்துக்கு அது போதும். அடுத்த வீட்டுக்குப் போதாது. அங்கே 'நான் சரிசெய்து தாறேன்' என்ற வார்த்தைதான் செல்லும்.

3. பொருளுக்கேற்ற பக்குவம் கேட்டுச் செய்யுங்கள். சக்கை வெட்டும் முன் வெட்டுகத்தியில் தேங்காய் எண்ணெய் தடவினால் பசை ஒட்டாது. ஒட்டியதைச் சுரண்டப் போய் முனையைக் கெடுப்பதைவிட இது எளிது. கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகச் சுற்றும் அச்சு முறுக்கு அச்சை இரும்பு நார் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி நல்ல பேர் வாங்க நினைக்காதீர்கள். எண்ணெய் ஊறிய அச்சில்தான் மாவு பிடிக்காமல் கழன்று விழும். தேய்த்துக் கொடுத்தால் அடுத்தவர் முதல் ஈடு முழுவதையும் குச்சியால் குத்தி எடுக்க வேண்டியிருக்கும். கொத்து வேலைக்கு வாங்கிய மம்பட்டியைச் சிமெண்ட் காயும் முன் கழுவுங்கள். தேங்காப்பட்டணத்துக் கடல்காற்று வீசுகிற ஊரில் ஈர இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்துக் கொடுங்கள். குடையைக் காயவைத்துக் கொடுங்கள். மழைக்காலத்தில் மடக்கி வைத்த ஈரக் குடை பூஞ்சை பிடித்துத்தான் திரும்பும்.

4. கேட்கும் முன் திருப்புங்கள். சொன்ன நாள் வந்ததும், அல்லது வேலை முடிந்ததும், கேட்காமலே திருப்ப வேண்டும் என்பது 160-ஆவது பிரிவு. அதைத் தாண்டி வைத்திருந்தால் அதன்பிறகு வரும் நஷ்டம் வாங்கியவர் கணக்கில் என்பது 161.

5. வெறுங்கையோடு போகாதீர்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை என்பது பழைய மரியாதை. ஒரு பிடி சீனியோ நாலு பழமோ உள்ளே இருக்கட்டும். பைக் என்றால் பெட்ரோல். ஒடுக்கை மறைக்கப் பழம் போட்டதாக மட்டும் ஆகிவிடக் கூடாது.

6. சேதமானால் அன்றைக்கே சொல்லுங்கள். பழுது பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். எங்கே கொடுத்துச் சரிசெய்வது என்று தீர்மானிக்கிற உரிமை பொருள்காரருக்கு. முதலில் செய்தி, பிறகு பழுது, பிறகு பணம்.

வாங்குபவர் செய்யக்கூடாதவை

1. இரவலை இரவல் கொடுக்காதீர்கள். சட்டப் புத்தகத்தில் இதற்கும் ஒரு குதிரை உண்டு. 154-ஆவது பிரிவின் உதாரணத்தில், தன் சவாரிக்கு மட்டும் என்று வாங்கிய குதிரையை ஒருவர் குடும்பத்து ஆள் ஒருவரிடம் விடுகிறார். அந்த ஆள் கவனமாகத்தான் ஓட்டுகிறார், ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது. வாங்கியவர் ஈடு கட்டியே ஆக வேண்டும். மச்சினன் நன்றாக ஓட்டுவான் என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

2. இரவல் பைக்கில் இன்சூரன்ஸை நம்பித் துணியாதீர்கள். ராம்கிலாடி வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: உரிமையாளரிடம் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில்தான் நிற்கிறார், அந்த வண்டியின் இன்சூரன்ஸிடம் மூன்றாம் நபராக இழப்பீடு கேட்க முடியாது. பாலிசியில் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு என்று எழுதியிருக்கும் அளவுதான் கிடைக்கும்.

3. சிறுபிள்ளை கையில் கொடுத்தனுப்பாதீர்கள், ஆளில்லாத நேரம் பார்த்து வைத்துவிட்டும் போகாதீர்கள். நல்ல நிலையில் இருந்த பொருளுக்குக்கூட இப்படித் திரும்பினால் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொள்ளும்.

4. பசை போட்டு ஒட்டி மறைக்காதீர்கள். உடைந்த கைப்பிடி வெந்நீரோடு கழன்று விழுவது அந்த வீட்டுக்காரர் காலில்.

5. இரவல் நகையை அடகு வைக்காதீர்கள். 'ஒரு வாரத்தில் திருப்பிவிடலாம்' என்ற எண்ணம் இருந்தாலும், நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையின்றித் தன் காரியத்துக்குப் பயன்படுத்துவது குற்றவியல் நம்பிக்கை மோசடி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 316-ஆவது பிரிவு.

6. 'பழசுதானே' என்று சொல்லாதீர்கள். பழசு என்று சொல்லும் உரிமை வைத்திருப்பவருக்கு மட்டும்.

சேதமாகித் திரும்பினால்

செய்ய வேண்டியவை: கொண்டுவந்தவர் நிற்கும்போதே, நலம் விசாரித்தபடியே பாருங்கள். அவர் போன பிறகு கண்டுபிடித்த கீறலுக்கு இரண்டு கதை இருக்கும். கேட்க வேண்டியிருந்தால் தனியாக, அன்றோ மறுநாளோ கேளுங்கள். பத்து வருஷம் உழைத்த மிக்சிக்குப் புது மிக்சி விலை கேட்பது நியாயமில்லை, பழுதுக்கூலி கேட்கலாம். அவராகவே வந்து சொன்னார் என்றால் பாதிக் கூலியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உண்மை சொன்னவருக்கு அது மரியாதை, அடுத்த தடவையும் அவர் சொல்வார்.

செய்யக்கூடாதவை: அவர்கள் பொருள் எதையாவது பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடைந்த பாத்திரத்தின் படம் போடாதீர்கள். தேநீர்க்கடையில் பேசாதீர்கள், அங்கே உருளிக் கீறல் மாலைக்குள் உடைந்த உருளியாகிவிடும். முக்கியமாக, ஒருவர் கெடுத்தார் என்பதற்காக ஊருக்கே கதவைச் சாத்தாதீர்கள். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் தம் கையிலிருந்த சீவக சிந்தாமணிப் பிரதியை உ.வே.சாமிநாதையரிடம் கொடுத்தார். இன்னும் பல இடங்களிலிருந்து ஏடுகள் அவர் கைக்கு வந்தன. 1887-இல் நூல் அச்சானது. 'ஏடு கிழிந்துவிடும்' என்று எல்லோரும் பெட்டியைப் பூட்டியிருந்தால் அந்தப் பதிப்பு வந்திருக்காது.

ஒரே ஆளிடம் மூன்றாவது தடவையும் பொருள் உடைந்தால் வாடகைக் கடைக்கு வழி காட்டிவிடலாம், தப்பில்லை. எல்லோருக்கும் தேவைப்படுகிற, யாருக்கும் தினமும் தேவைப்படாத பொருள்களுக்கு வேறொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் ஏணி, ரம்பம், டிரில்லிங் மெஷின் போன்றவற்றைப் புத்தகம்போலத் தேதி போட்டு இரவல் கொடுத்துவருகிறது. நம் ஊர் சுய உதவிக் குழுவோ வாசகசாலையோ ஏணி ஒன்று, கடப்பாரை இரண்டு, பெரிய அண்டா ஒன்று வாங்கிப்போட்டு ஒரு நோட்டும் வைத்தால் அதுவே இங்கே நடக்கும். நோட்டில் நாலு கட்டம் போதும்: பொருள், வாங்கியவர், திருப்ப வேண்டிய நாள், திரும்பியபோது இருந்த நிலை. நாலாவது கட்டத்தை நிரப்பாமல் யாரையும் கையெழுத்துப் போட விடாதீர்கள்.