கதிர்ச் சிகிச்சையும் மரபணுவும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இரத்தத்தில் சிறிதளவு எடுத்து மரபணுக்களைப் பரிசோதித்துவிட்டால், புற்றுநோயாளிக்குக் கதிர்ச் சிகிச்சை பலிக்குமா, அன்றித் தேகத்தைப் புண்ணாக்கிவிடுமா என்பது நிச்சயமாகத் தெரிந்துவிடும் என்றும், அதுவரை சிகிச்சையை ஒத்திப்போடுவதே விவேகம் என்றும் நம்மில் சிலர் நம்புகின்றனர். இந்த நம்பிக்கையில் ஓரளவு உண்மை உண்டு. அதனாலேயே இதன் அபாயமும் பெரிது.

கதிரானது உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. அறுந்த செய்தியை உணர்ந்து செப்பனிடும் வேலையைத் தொடங்கிவைப்பது ஏ.டி.எம். என்னும் மரபணு. 1995-இல் இஸ்ரேலிய விஞ்ஞானி யோசெப் ஷிலோவின் குழுவினர் அதனை அடையாளம் கண்டனர். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அதன் பழுதுற்ற பிரதிகளையே பெற்றுப் பிறந்தோருக்கு அடாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்ற அபூர்வ வியாதி உண்டாகிறது. பிறர் தாங்கும் கதிரின் அளவு அவர்களுக்குப் பிராணாபாயமாகவே முடியக்கூடும். மரபணு இவ்வளவு தெளிவாகத் தீர்ப்புரைப்பது இத்தகைய விதிவிலக்குகளில்தான். அதே மரபணுவில் பலரிடம் காணப்படும் ஒரு சிறு மாறுபாட்டை, மார்பக, புரோஸ்டேட் புற்றுநோயாளர் 5,456 பேரின் விவரங்களைக்கொண்டு ஆராய்ந்து 2016-இல் வெளியான சர்வதேச ஆய்வு, பக்க விளைவின் வாய்ப்பை அது சற்றே கூட்டுகிறது என்று மட்டுமே கண்டது. ஒரு நோயாளியைப் பார்த்து, உமக்குக் கதிர் ஆகாது என்று கூற அது போதவே போதாது. மேலும், இவ்வாராய்ச்சிகளிற் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சத்தாரிடம் நிகழ்ந்தவை. தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் கலந்து வாழும் ஜார்ஜ் டவுனுக்கு அம்முடிவுகளை அப்படியே பொருத்துவது நியாயமன்று.

பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பழுதுள்ள பெண்கள் கதிரின் பக்கமே போகலாகாது என்பது இன்னொரு பேச்சு. அவர்களுக்குப் பக்க விளைவு குறிப்பிடத்தக்க அளவில் மிகுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. டி.பி.53 என்னும் மரபணுவின் பழுது வேறு விஷயம்: கதிரினாலேயே பிற்காலத்தில் வேறொரு புற்று எழக்கூடுமாதலால், மருத்துவர்கள் இயன்றவரை அப்பழுது உடையோருக்குக் கதிரைத் தவிர்க்கின்றனர்.

காலதாமதத்தின் விலையோ கொடியது. தென்சீன வம்சத்தாரிடையே மிகுந்து காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுக்குக் கதிரே பிரதான சிகிச்சை. 70 கிரே அளவை ஏறத்தாழ 7 வாரங்களில், 33 முதல் 35 தவணைகளாகப் பகிர்ந்து கொடுப்பது வழக்கம். தலை, கழுத்துப் புற்றுகளில் இக்கால அளவு நீளுந்தோறும், நோய் அடங்கும் வாய்ப்பு நாளொன்றுக்குச் சுமார் 1 விழுக்காடு குறைகிறதென்று ஆய்வாளர் கணித்துள்ளனர். ஆகவே, தஞ்சோங் பூங்காவின் மவுண்ட் மிரியம் மருத்துவமனைக்கோ வேறெந்தச் சிகிச்சை நிலையத்துக்கோ செல்வோர், குடும்பத்தில் இளவயதிலேயே புற்றுக் கண்டவர் எவர், மேற்சொன்ன அபூர்வ வியாதி உடையவர் உண்டா என்பவற்றை முதல் நாளிலேயே மருத்துவரிடம் மறைக்காமல் கூறவேண்டும். பரிசோதனை தேவையா என்பதை அவரே தீர்மானிப்பார்.