சுரங்கத் தூசைக் கட்டுப்படுத்தல்

மாணவர்களே, இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நுரைச்சோலையில் எரிக்கப்படும் நிலக்கரி கப்பலில் வருகின்றது. ஆனால் கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் சென்றால் வரும் கேகாலை மாவட்டத்தில் போகல காரீயச் சுரங்கம் உள்ளது. குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ சுரங்கம் உள்ளது. இரண்டும் நிலத்தடிச் சுரங்கங்கள். எனவே தூசுப் பிரச்சினை நமக்கும் அந்நியமானதல்ல.

பாறையைத் துளையிடும்போதும், வெடி வைக்கும்போதும், வாரி ஏற்றும்போதும் தூசு எழுகின்றது. கண்ணுக்குத் தெரியும் பெரிய துணிக்கைகள் மூக்கிலும் தொண்டையிலும் தடுக்கப்படும். ஏறத்தாழ 5 மைக்ரோமீற்றரிலும் சிறியவையே சுவாசப்பையின் சிற்றறைகள் வரை செல்லக்கூடியவை. அசையாத காற்றில்கூட 1 மைக்ரோமீற்றர் துணிக்கை ஒரு மீற்றர் கீழிறங்கப் பல மணித்தியாலங்கள் எடுக்கும். ஆகவே "தூசு படிந்துவிட்டது" என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வது தவறு. பாறையில் குவாட்சு இருந்தால் சிலிக்கோசிசு நோய் உண்டாகலாம். தழும்பேறிய சுவாசப்பை மீண்டும் பழைய நிலைக்கு வராது.

கட்டுப்பாடு தூசு பிறக்கும் இடத்திலேயே தொடங்க வேண்டும். ஈரத் துளையிடலில் துளைகோலின் நடுத்துவாரத்தினூடாக நீர் செலுத்தப்படும். தூசு சேறாகவே வெளிவரும். நீரைத் தெளிக்கும்போது துளிகள் மிகப் பெரிதாக இருந்தால் நுண்துணிக்கைகள் காற்றுடன் துளியைச் சுற்றி வழுவிச் சென்றுவிடும். அதனாலேயே நுண்ணிய தெளிப்பு தேவைப்படுகின்றது. எஞ்சிய தூசைக் காற்றோட்டம் ஐதாக்கி வெளியேற்றும். முகமூடி கடைசிப் பாதுகாப்பு மட்டுமே. விடைத்தாளில் பலர் அதை முதலாவதாக எழுதி நின்றுவிடுகின்றனர்!

நிலக்கரித் தூசுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 1906 மார்ச் 10 இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் அது வெடித்து 1099 பேர் இறந்தனர். இதைத் தடுக்கச் சுரங்கப் பாதைகளில் சுண்ணாம்புக்கல் தூள் தூவப்படுகின்றது. அது வெப்பத்தை உறிஞ்சித் தீச்சுவாலை பரவாமல் தடுக்கும். காரீயம் எளிதில் தீப்பற்றாததால் நமது சுரங்கங்களில் முதன்மையான கவலை சுவாசப்பையே.

பயிற்சி: கண்டிக்கு அண்மையில் திகணப் பகுதியில் டொலமைற்றுக் கல் அகழப்பட்டு அரைக்கப்படுகின்றது. தேயிலை மண்ணுக்கு இடப்படும் அத்தூள் உலர்ந்ததாக இருக்க வேண்டும். எனவே அரைக்கும் ஆலையில் நீர் தெளிக்க இயலாது எனக் கொள்க. அங்கு தூசைக் கட்டுப்படுத்த இரு வழிகளைக் காரணத்துடன் தருக.

குறிப்பு: பொறியை மூடி அமைத்தல், உறிஞ்சு விசிறியும் துணி வடியும் பொருத்துதல் ஆகியவற்றைச் சிந்தியுங்கள்.