கடைக் கம்ப்யூட்டரில் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறதா?

22.9.2025 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியது அனைவரும் அறிந்ததே. நெய், வெண்ணெய் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18-லிருந்து 5-க்கு இறங்கின. துணி துவைக்கும் பவுடர் 18-லேயே நின்றுவிட்டது. இவற்றைப் பில் போடும் கம்ப்யூட்டரில் எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் யூடியூபில் ஏராளம். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஆடிட்டரிடம் போவதற்கு முன் அதைத்தான் நம்மில் பலர் பார்க்கிறோம்.

அந்த வீடியோ வெட்டி வெட்டி ஓடினால், சொல்பவர் எந்தக் கட்டத்தில் எதை அழுத்தினார் என்பதே பிடிபடாது. பில்லில் விகிதம் தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். இந்தத் தொல்லை தாங்காமல் சிலர் நெட் கட்டணத்தை உயர்த்திக்கொள்கிறார்கள். சிலர் புதுக் கம்ப்யூட்டருக்கே பணம் கட்டிவிடுகிறார்கள். விற்க வந்தவர் வேண்டாம் என்றா சொல்வார்? கோளாறு எங்கே என்று நாமே பார்த்துவிட்டால் பல சமயம் ஒரு ரூபாய் கூடச் செலவாகாது.

கடையில் துவரம்பருப்பு தீர்ந்து நிற்கிறோம் என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். லாரி வந்து சேரவில்லை. அல்லது லாரி வாசலில் நிற்கிறது, மூட்டை இறக்க ஆள் போதவில்லை. வீடியோவும் இப்படித்தான். படம் நெட் வழியாகச் சுருக்கிக் கட்டிய மூட்டையாக வருகிறது. பிரவுசர் அதைச் சில நொடிகளுக்கு முன்னதாகவே வாங்கி இருப்பு வைக்கிறது. பிறகு கம்ப்யூட்டர் மூட்டையைப் பிரித்து, நொடிக்கு 25 அல்லது 30 படம் வீதம் திரையில் காட்டுகிறது.

படமும் குரலும் சேர்ந்து நின்று, நடுவில் வட்டம் சுற்றினால் லாரி வரவில்லை என்று பொருள். நெட்டைப் பார்க்க வேண்டும். குரல் தடையில்லாமல் வந்துகொண்டிருக்க, படம் மட்டும் தாவித் தாவிப் போனால் பெரும்பாலும் இறக்குகிற ஆள் திணறுகிறார். கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும். இன்னும் சந்தேகமானால், ஓடுகிற யூடியூப் படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தொடுங்கள். அதில் 'பஃபர் ஹெல்த்' என்பது கையிருப்பு, நொடிக் கணக்கில். அது பூஜ்யத்தை நெருங்கினால் குறை நெட்டில். 'டிராப்டு' என்ற எண் விடாமல் ஏறினால் குறை கம்ப்யூட்டரில்.

நெட் விஷயம் சுருக்கமானது. 480 அளவுப் படத்துக்கு நொடிக்கு 1.1 மெகாபிட், 720-க்கு 2.5, 1080-க்கு 5 போதும் என்பது யூடியூபே தரும் கணக்கு. நம் கடைகளுக்கு வரும் ஃபைபர் இணைப்பில் இதைவிடப் பல மடங்கு உண்டு. வேகம் தொலைவது கடைக்குள்தான். வைஃபை பெட்டியை எண்ணெய் டின் அடுக்குக்குப் பின்னால் வைத்தால் தகரம் அலையை மறித்துவிடும். பெட்டியை உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். முடிந்தால் கல்லாவில் உள்ள கம்ப்யூட்டருக்கு வயரே இழுத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் பக்கம்தான் கவனிக்க வேண்டியது அதிகம். மளிகைக் கடையின் முதல் எதிரி தூசி. மாவு, மிளகாய்த்தூள், சாக்குத் தும்பு எல்லாம் உள்ளே உள்ள மின்விசிறியில் அப்பிக்கொள்ளும். காற்று போகாவிட்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடிய படம் சித்திரை வெயிலில் மதியம் திக்குவதற்கு இது ஒரு காரணம். மின் இணைப்பை எடுத்துவிட்டு, மெக்கானிக்கைக் கொண்டு தூசி ஊதச் சொல்லுங்கள். அரிசி மூட்டையை ஒட்டியும் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள்.

அடுத்து, பிரவுசரில் திறந்து கிடக்கும் பக்கங்கள். நெட் பேங்கிங், ஜி.எஸ்.டி. தளம், மெயில், வாட்ஸ்அப் என்று பத்துப் பக்கம் திறந்திருந்தால், 4 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய கம்ப்யூட்டர் என்ன செய்யும்? குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்ற பட்டியல் வரும். தேவையற்றதை மூடுங்கள்.

பிறகு குரோமின் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியில் 'கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. மூட்டை பிரிக்கும் வேலையைத் தனிச் சிப்புக்கு மாற்றிவிடும் ஏற்பாடு அது. அணைந்திருந்தால் போடுங்கள். போட்டிருந்தும் படம் திக்கினால் ஒரு முறை அணைத்துப் பாருங்கள். சில பழைய கம்ப்யூட்டர்களில் அதுவே தகராறு செய்யும். மாற்றிய பின் குரோமை மூடித் திறக்க வேண்டும். இன்னொன்று, யூடியூப் இப்போது வி.பி.9, ஏ.வி.1 போன்ற புதிய கட்டுமுறைகளில் படத்தை அனுப்புகிறது. பழைய சிப்புகளுக்கு அவற்றைப் பிரிக்கத் தெரியாது. அப்போது படத்தின் அளவை 480-க்குக் குறைப்பதே எளிய வழி. எழுத்து சற்று மங்கினாலும் பாடம் புரியும்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு இவை எல்லாம் தற்காலிகமே. 2023 பிப்ரவரி முதல் அதற்குக் குரோமின் புதிய பதிப்பு கிடையாது. அதில் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள் என்றால், வீடியோ ஓடினாலும் ஓடாவிட்டாலும் கம்ப்யூட்டரை மாற்றத்தான் வேண்டும். அங்கே நான் சிக்கனம் சொல்லமாட்டேன்.

கடைசியாகக் கிடங்குக் கேமரா. 2024 நவம்பர் 30 அன்று கரையேறிய ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. கிடங்கில் தண்ணீர் ஏறுகிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்க முடிவது எவ்வளவு பெரிய உதவி என்பதை நம் பகுதியாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே லாரி எதிர்த்திசையில் ஓடுகிறது. கிடங்கிலிருந்து வெளியே அனுப்பும் 'அப்லோட்' வேகம்தான் கணக்கு. பல இணைப்புகளில் அது குறைவு. கேமரா பெட்டியில் 'மெயின் ஸ்ட்ரீம்', 'சப் ஸ்ட்ரீம்' என்று இரண்டு இருக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது சப் ஸ்ட்ரீமைத் தேர்ந்தெடுங்கள். படம் சிறிதாக இருக்கும், ஆனால் நிற்காது. மின்சாரம் போனால் கேமராவோடு வைஃபை பெட்டியும் அணைந்துவிடும். ஆகவே இரண்டையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இணைத்துவிடுங்கள்.